போர்ல இருந்து திரும்பினவங்களுக்கு நடன அசைவு சிகிச்சை: தெரிஞ்சவங்க, அனுபவப்பட்டவங்க வாங்க பேசலாம்

நர்த்தனா_மேரிலாந்து
திங்கள், இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு மூணு வருஷமா இங்க படிக்க மட்டும்தான் வருவேன், இழை ஆரம்பிக்கிறது இதான் முதல் தடவை. நான் மேரிலாந்துல நடன அசைவு சிகிச்சையில மாஸ்டர்ஸ் முடிக்கப் போறேன், இப்ப இன்டர்ன்ஷிப் ஓடுது, மொத்தம் 700 மணி நேரம், அதுல பாதிக்கு மேல முன்னாள் ராணுவத்தினர் வர்ற ஒரு இடத்துல. ஊர்ல அம்மா "பட்டாளத்துக்காரங்களுக்கு பரதநாட்டியமா சொல்லித் தர்ற"ன்னு கேக்குறாங்க, சித்தப்பா கேக்குறாரு, அத்தை பொண்ணு கேக்குறா, ஒவ்வொருத்தருக்கா போன்ல சொல்லி மாளல. அதான் இங்க எழுதறேன்.

இது டான்ஸ் கிளாஸ் கிடையாது. ஸ்டெப் கிடையாது, அரங்கேற்றம் கிடையாது, சரி தப்புன்னு ஒண்ணும் கிடையாது. ஒருத்தரோட உடம்பு எப்படி அசையுது, எங்க இறுகிப் போய் நிக்குது, மூச்சு எங்க அடைக்குது, அதை வச்சு அவரோட பேசற சிகிச்சை. சில நாள் முக்கால் மணி நேரமும் தோளை மேல தூக்கி கீழ விடறதுலயே போயிடும்.

இந்தத் துறை அமெரிக்காவுல வேர் பிடிச்சதே ரெண்டாம் உலகப் போர் நடக்கும்போதுதான். மரியன் சேஸ்னு ஒரு அம்மா, 1896ல பிறந்தவங்க. சின்ன வயசுல டைவ் அடிக்கப் போய் முதுகுல அடிபட்டு, முதுகு பலப்படட்டும்னு டாக்டர் சொல்லித்தான் டான்ஸ் பக்கமே வந்தாங்களாம். டெனிஷான்னு ஒரு அமெரிக்க நடனப் பள்ளியில கத்துக்கிட்டு ஆடினவங்க (அந்த டெனிஷானை நடத்தின ரூத் செயின்ட் டெனிஸ் 1906லயே ராதைன்னு இந்தியச் சாயல்ல ஒரு நடனம் போட்டவங்க, 1925, 26ல குழுவோட இந்தியா வரைக்கும் வந்தவங்க, இதைப் படிச்சப்ப எனக்கு ஒரு சொந்தக்காரங்க கிடைச்ச மாதிரி இருந்துச்சு). பிறகு சேஸ் வாஷிங்டன்ல ஒரு டான்ஸ் ஸ்கூல் வச்சாங்க. மேடையில ஆடற ஆசையே இல்லாதவங்க கூட ஏன் திரும்பத் திரும்ப கிளாஸுக்கு வர்றாங்கன்னு கவனிக்க ஆரம்பிச்சாங்க. டான்ஸ் அவங்களுக்கு வேற என்னமோ செய்யுதுன்னு புரிஞ்சுது.

1942ல செஞ்சிலுவைச் சங்கம் மூலமா வாஷிங்டன்ல செயின்ட் எலிசபெத்ஸ்ங்கிற மத்திய அரசு மனநல ஆஸ்பத்திரிக்குள்ள போறாங்க. 1855ல ஆரம்பிச்ச ஆஸ்பத்திரி, ராணுவத்துக்காரங்க, கடற்படைக்காரங்க, வாஷிங்டன்வாசிங்க இவங்களுக்காகக் கட்டினது. போர்ல இருந்து திரும்பினவங்க வந்து குவியறாங்க. இன்னிக்கு நாம சொல்ற மனநோய் மாத்திரை எதுவும் அப்ப கிடையாது, அந்த வகையில முதல்ல வந்த குளோர்புரோமசைன் அமெரிக்க ஆஸ்பத்திரிகளுக்கு வந்ததே 1954 வாக்குலதான். பேச்சே நின்னு போன ஆளுங்க இருக்கற வார்டுக்குள்ள அந்த அம்மா ஒரு ரெக்கார்டு பிளேயரையும் நாலு இசைத்தட்டையும் வச்சுக்கிட்டு நின்னாங்க. அந்த வகுப்புக்கு அப்ப வச்ச பேரு "தொடர்புக்கான நடனம்". 1966ல அமெரிக்க நடன சிகிச்சைச் சங்கம் ஆரம்பிச்சப்ப முதல் தலைவர் அவங்கதான், 1970ல காலமாயிட்டாங்க.

யாருக்காவது இது பத்தி அனுபவம் இருந்தா எழுதுங்க. கேள்வி இருந்தாலும் கேளுங்க, எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன்.

கேள்விக்குறி
திங்கள், இரவு 11.05

அக்கா நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா நேரடியாவே கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. போர்ல கண்ணு முன்னாடி ஆள் செத்ததைப் பார்த்தவருக்கு தோளைத் தூக்கி விட்டா என்ன ஆகும்? மனசுல இருக்கற பிரச்சனைக்கு பேசித்தானே ஆகணும்? இதுக்கு ஆதாரம் ஏதாவது இருக்கா இல்ல நல்லா ஃபீல் ஆகுதுங்கறதோட சரியா?

ஹவில்தார்_வேலூர்
செவ்வாய், காலை 5.15

நான் 22 வருஷம் சர்வீஸ் பண்ணவன். வேலூர் பக்கம் கம்மவான்பேட்டைன்னு ஒரு ஊர் இருக்கு, வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரங்க, அதனால ராணுவப்பேட்டைன்னே சொல்லுவாங்க. அதுக்குப் பக்கத்து ஊர்தான் நம்மது. அங்க போயி ஒருத்தர்கிட்ட வாங்க டான்ஸ் ஆடலாம் மனசு சரியாயிடும்னு சொல்லிப் பாரும்மா, மூஞ்சியத் திருப்பிக்கிட்டு போயிடுவாங்க. நாங்க பயந்தோம்னு வீட்டுலயே சொன்னதில்ல. தூக்கம் வரலன்னா எந்திரிச்சு மாட்டுக்குத் தண்ணி காட்டுவோம், அவ்வளவுதான். உன் படிப்பைக் குறை சொல்லல. ஆனா இது எங்க மாதிரி ஆளுங்களுக்கு ஒத்து வருமான்னு கேக்கறேன்.

நர்த்தனா_மேரிலாந்து
செவ்வாய், இரவு 8.20

ஐயா, நீங்க எழுதினதுக்கு ரொம்ப நன்றி. இங்க வர்றவங்களும் முதல் நாள் இதையேதான் சொல்றாங்க. ஒருத்தர் என் சூப்பர்வைசர்கிட்ட "எனக்கு டான்ஸ் வேணாம் தூக்கம் வேணும்"னாரு. (யாரையும் அடையாளம் தெரியக்கூடாதுன்னு விவரங்களை மாத்தித்தான் எழுதறேன்.)

அந்த ரூம் எப்படி இருக்கும்னு முதல்ல சொல்றேன். நாற்காலி எல்லாம் சுவர் ஓரமா இருக்கும், முதுகுக்குப் பின்னால ஆள் நடமாட்டம் இருக்கக் கூடாது. எங்க உக்காந்தாலும் கதவு தெரியணும். கதவைப் பூட்ட மாட்டோம், யார் எப்ப வேணா எந்திரிச்சுப் போகலாம், ஏன்னு கேக்க மாட்டோம். கண்ணை மூடச் சொல்ல மாட்டோம். யாரையும் கேக்காம தொடவே மாட்டோம். பாட்டு போடறதுக்கு முன்னாடி "இப்ப பாட்டு போடப் போறேன், சவுண்ட் இவ்வளவுதான் இருக்கும்"னு சொல்லிட்டுத்தான் போடுவோம். முதல் ஒரு மாசம் நான் கத்துக்கிட்டது முக்கால்வாசி இதுதான். அசைவெல்லாம் பிறகு வந்துச்சு.

ஒருத்தர் மூணு வாரம் கதவுகிட்டயே நின்னாரு. மத்தவங்க வட்டமா இருப்பாங்க, இவரு கையைக் கட்டிக்கிட்டு நிப்பாரு. யாரும் கூப்பிடல. மூணாவது வாரம் பாட்டுக்கு அவரோட ஷூ நுனி மட்டும் லேசா தட்டுச்சு. என் சூப்பர்வைசர் அதைப் பார்த்துட்டு, அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காம, தன் கால் நுனியையும் அதே மாதிரி தட்ட ஆரம்பிச்சாங்க. பக்கத்துல இருந்தவர் சேர்ந்துக்கிட்டாரு, அப்புறம் இன்னொருத்தர். ரெண்டு நிமிஷத்துல அந்த ரூம்ல ஏழு பேரோட கால் தட்டுது, எல்லாரும் கதவுகிட்ட நிக்கறவரோட தாளத்துலதான் தட்டறாங்கன்னு அவருக்கே புரியுது. இது மரியன் சேஸ் செஞ்ச முறை, ஆளோட சின்ன அசைவை எடுத்து அவருக்கே திருப்பிக் கொடுக்கறது. கண்ணாடி மாதிரி. ஆனா அப்படியே காப்பி அடிச்சா கேலி பண்ற மாதிரி ஆயிடும், அந்த அசைவுல இருக்கற கனத்தையும் வேகத்தையும் எடுக்கணும், அதுக்குத்தான் வருஷக்கணக்கா பயிற்சி.

நான் பண்ண தப்பையும் சொல்லணும். பதினாலு வருஷம் பரதம் கத்துக்கிட்டவ நான், கால் தன்னால தட்டடவுக்குப் போகும். ஒரு நாள் உற்சாகத்துல மரத்தரையில ஓங்கித் தட்டிட்டேன். ஈராக்ல இருந்து வந்தவர் ஒருத்தர் நாற்காலியோட பின்னால சாஞ்சு விழுந்தாரு, முகம் வெளுத்துப் போச்சு, கை நடுங்குது. எல்லாத்தையும் நிறுத்திட்டு அவரைக் கால் தரையில ஊனச் சொல்லி, ரூம்ல இருக்கற அஞ்சு பொருளோட பேரைச் சொல்லச் சொல்லி, அவரு திரும்ப அந்த ரூமுக்கு வந்து சேர பத்து நிமிஷம் ஆச்சு. அன்னிக்கு ராத்திரி நான் அழுதேன். அடுத்த வாரம் அவரு வந்தாரு, வந்து "நீ எப்ப தட்டப் போறேன்னு முன்னாடியே சொல்லு, நான் பார்த்துக்கறேன்"னாரு.

ஐயா, உங்களுக்கு ஒத்து வருமான்னு கேட்டீங்கல்ல. ஒரு செஷன்ல என் சூப்பர்வைசர் "உங்க உடம்புக்கு யோசிக்காம தெரிஞ்ச அசைவு எது"ன்னு கேட்டாங்க. எல்லாரும் ஒரே குரல்ல டிரில்னாங்க. சரி அதையே செய்யலாம்னு நின்ன இடத்துலயே லெஃப்ட் ரைட் போட்டாங்க. வியட்நாம் போனவருக்கு எழுபத்தஞ்சு வயசு, முட்டி வலி, அவரு நாற்காலியில உக்காந்தே போட்டாரு. கொஞ்ச நேரம் கழிச்சு அதையே பாதி வேகத்துல, அப்புறம் பக்கத்து ஆளோட வேகத்துல, அப்புறம் அவங்கவங்களுக்கு எப்ப நிக்கணும்னு தோணுதோ அப்ப நிக்கலாம்னு சொன்னாங்க. அந்தக் கடைசிதான் கஷ்டமா இருந்துச்சு. ஹால்ட்னு யாராவது சொல்லுவாங்கன்னு உடம்பு காத்துக்கிட்டே இருக்கு. ஒருத்தர் ஆறு நிமிஷம் நிக்கவே இல்ல. நின்னப்ப பெருமூச்சு விட்டாரு பாருங்க, அந்தச் சத்தம் எனக்கு இன்னும் காதுல இருக்கு.

மதுரை_மனநலம்
புதன், காலை 7.30

நான் மனநல மருத்துவர், பதினோரு வருஷ பிராக்டிஸ். ஆதாரம் பத்தி கேட்டவருக்கு பதில் சொல்றேன், நர்த்தனா மேடம் வருத்தப்பட மாட்டாங்கன்னு நம்பறேன்.

முதல்ல போரால வர்ற இந்த மனக்காயத்தோட பேரு. முதல் உலகப் போர்ல "ஷெல் ஷாக்"னாங்க, 1915ல சார்லஸ் மையர்ஸ்ங்கற டாக்டர் லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல எழுதின கட்டுரையில அந்த வார்த்தை வருது. ரெண்டாம் போர்ல "போர்க்களச் சோர்வு"ன்னாங்க. வியட்நாம் போய் வந்தவங்க பல வருஷம் போராடின பிறகு 1980லதான் பி.டி.எஸ்.டி. (அதிர்ச்சிக்குப் பிறகு வர்ற மன அழுத்தக் கோளாறு)ங்கற பேரு அமெரிக்க மனநல மருத்துவர்களோட நோய்ப் பட்டியல்ல ஏறுச்சு. மரியன் சேஸ் அந்த வார்டுல வேலை செஞ்ச காலத்துல இந்த நோய்க்கு இந்தப் பேரே கிடையாது.

இப்ப எதுக்கு பலமான ஆதாரம் இருக்குன்னா, அந்த நினைவை நேரா எடுத்து பயிற்சி பெற்றவரோட சேர்ந்து வேலை செய்யற சிகிச்சைகளுக்குத்தான். நினைவைத் திரும்பத் திரும்பச் சொல்லி பயத்தோட பிடியைத் தளர்த்தறது, நடந்ததைப் பத்தி மனசுல உறைஞ்சு போன எண்ணத்தை மாத்தறது, இ.எம்.டி.ஆர்.னு கண்ணசைவோட செய்யற ஒண்ணு. மருந்துன்னா செர்ட்ராலின், பாராக்சிடின், இந்த ரெண்டுக்குத்தான் அமெரிக்காவுல பி.டி.எஸ்.டி.க்குன்னே அனுமதி. நடன அசைவு சிகிச்சைக்கு அந்த அளவு ஆதாரம் இல்ல. மனச்சோர்வுக்கு இது எப்படின்னு 2015ல மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடை போடற காக்ரேன் குழு தேடிப் பார்த்தாங்க, தேறினது மூணு ஆய்வு, மொத்தம் 147 பேர், அதை வச்சு உறுதியா எதுவும் சொல்ல முடியாதுன்னுட்டாங்க. முன்னாள் ராணுவத்தினர்ன்னு பார்த்தா ஆய்வுகள் கம்மி, இருக்கறதும் சின்னது.

அதனால இது வேஸ்டுன்னு நான் சொல்ல வரல. என் கிளினிக்ல நான் பார்க்கற பெரிய சிக்கல் என்னன்னா, பேசச் சொன்னா பேச வராது. மனசு இல்லாம இல்ல, வாயே வராது. 1996ல ஒரு ஸ்கேன் ஆய்வு, 8 பேர்தான், ஆனா முக்கியமானது, அந்தச் சம்பவத்தை நினைவுபடுத்தினப்ப பேச்சுக்குப் பொறுப்பான பிரோக்கா பகுதியோட வேலை குறைஞ்சுது, பயத்தோட சம்பந்தப்பட்ட பகுதிகள் ஏறுச்சு. அப்படி இருக்கறவரை நாற்காலியில உக்கார வச்சு "சொல்லுங்க"ன்னா என்ன சொல்லுவாரு? நிறைய பேர் ரெண்டாவது மூணாவது அமர்வோட நின்னுடறாங்க. உடம்பு வழியா ஒருத்தரை ரூமுக்குள்ள இருக்கப் பழக்க முடிஞ்சா, இதயம் படபடக்கும்போது அது படபடப்புதான் குண்டு இல்லன்னு உணர வைக்க முடிஞ்சா, அதுக்கப்புறம் பேச்சு சிகிச்சைக்கு அவரு தாங்குவாரு. நான் இதைப் பக்கத் துணையாத்தான் பார்க்கறேன். மாத்திரையை நிறுத்திட்டு இதுக்குப் போங்கன்னு யாராவது சொன்னா அந்த இடத்தை விட்டு உடனே கிளம்பிடுங்க.

நர்த்தனா_மேரிலாந்து
புதன், இரவு 8.50

டாக்டர் சொன்னதுல ஒரு வார்த்தை கூட எனக்கு மறுப்பு இல்ல. நாங்க வேலை செய்யறது தனியா இல்ல, ஒரே டீம்ல மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர் எல்லாரும் இருப்பாங்க. இங்க பெதஸ்டாவுல வால்டர் ரீட் ராணுவ ஆஸ்பத்திரி வளாகத்துல 2010ல தலைக்காயத்துக்கும் மனக்காயத்துக்கும் சேர்த்து ஒரு மையம் திறந்தாங்க. கண்ணிவெடி அதிர்வுல மூளை குலுங்கினவங்களுக்கு பேலன்ஸும் போயிருக்கும், தூக்கமும் போயிருக்கும், கோபமும் வரும், எது எதால வருதுன்னு பிரிக்கவே முடியாது. அமெரிக்க அரசோட கலை நிதியமைப்பு ராணுவத்தோட சேர்ந்து நடத்தற கிரியேட்டிவ் ஃபோர்சஸ் திட்டம் வால்டர் ரீட்லதான் தொடங்கிச்சு, ஓவியம், இசை, எழுத்து, நடன அசைவுன்னு எல்லாம் அதுல உண்டு.

ஒரு விஷயம் குழப்பிக்கக் கூடாது. ரோமன் பாக்கான்னு ஒருத்தர் இருக்காரு, பாலே கத்துக்கிட்டு பிறகு அமெரிக்க மரைன் படையில சேர்ந்து ஈராக்ல ஃபலூஜாவுல இருந்துட்டு வந்தவர். 2007ல எக்ஸிட் 12னு டான்ஸ் குழு ஆரம்பிச்சு போர் பத்தியே மேடையில ஆடறாரு. எனக்கு ரொம்ப மரியாதை உண்டு அவரு மேல. ஆனா அது கலை, மேடை, பார்க்க ஆளுங்க உக்காந்திருப்பாங்க. எங்க ரூம்ல பார்வையாளரே கிடையாது, அதனாலதான் அங்க ஒருத்தர் தைரியமா கோணலா அசைய முடியுது.

செல்வி_நெல்லை
வியாழன், மதியம் 2.10

படிச்சுட்டு கை நடுங்குது. எங்க வீட்டுக்காரர் பென்ஷன் வாங்கிட்டு வந்து நாலு வருஷம் ஆகுது, காஷ்மீர்ல ரொம்ப நாள் இருந்தாரு. பிள்ளைங்க பின்னால வந்து "அப்பா"ன்னு கட்டிப்பிடிச்சா கையை முறுக்கிடறாரு, அப்புறம் அவரே போய் கொல்லையில உக்காந்து அழறாரு. சின்னவன் இப்ப அப்பா பக்கமே போறது இல்ல. ஒரு ஆஸ்பத்திரியில காட்டினோம், ரெண்டு நிமிஷம் பார்த்துட்டு "குடிய விடச் சொல்லும்மா"ன்னு அனுப்பிட்டாங்க. அவரு குடிக்கறதே தூங்கறதுக்குத்தான். நர்த்தனா அக்கா நான் வீட்டுல என்ன செய்யலாம்? நீங்க சொல்ற அந்த கண்ணாடி மாதிரி செய்யறது நான் செய்யலாமா?

நர்த்தனா_மேரிலாந்து
வியாழன், இரவு 7.45

செல்வி, உங்க நிலைமை புரியுது. அந்தக் கண்ணாடி வேலையை வீட்டுல செய்யாதீங்க, அது எங்க கிளறி விடும்னு பயிற்சி இல்லாம சொல்ல முடியாது. ஆனா வீட்டுல செய்யக்கூடியது இருக்கு. பிள்ளைங்களை எப்பவும் முன்பக்கமா வரச் சொல்லுங்க, ரெண்டு அடி தள்ளி நின்னு கூப்பிடட்டும், அவரு கையை நீட்டின பிறகு கட்டிக்கட்டும். அவரைத் தூக்கத்துல எழுப்பறதா இருந்தா தோளைத் தொடாதீங்க, கால்மாட்டுல நின்னு பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க. சின்னவன்கிட்ட "அப்பாவுக்கு உன் மேல கோபம் இல்ல, அப்பா உடம்பு இன்னும் டூட்டியில இருக்கு"ன்னு சொல்லுங்க, பிள்ளைங்களுக்கு அது புரியும். சின்னவனும் அவரும் பந்தைத் தரையில உருட்டி உருட்டி விளையாடலாம், தூரத்துல இருந்து. வர்றதைப் பார்க்க முடியுது, வாங்க முடியுது, திருப்பி அனுப்ப முடியுது. எங்க செஷன்லயும் பந்து உண்டு.

மதுரை_மனநலம்
வியாழன், இரவு 10.30

செல்வி அம்மா, வேற டாக்டரைப் பாருங்க, ஒருத்தர் ரெண்டு நிமிஷத்துல அனுப்பிட்டா அதோட முடிஞ்சு போறது இல்ல. குடியை ஒரே நாள்ல நிறுத்தச் சொல்லாதீங்க, தினமும் நிறைய குடிக்கறவருக்கு அது ஆபத்து, வலிப்பு வரலாம், டாக்டர் மேற்பார்வையிலதான் குறைக்கணும். 14416னு டெலி மானஸ் நம்பர், மத்திய அரசோட மனநல உதவி எண், காசு கிடையாது, தமிழ்ல பேசலாம். ராணுவத்தினருக்காகவே 2023 டிசம்பர்ல புனேவுல தனிப் பிரிவும் ஆரம்பிச்சிருக்காங்க. அவரு பேசலன்னாலும் நீங்க பேசுங்க.

பறைமுழக்கம்
வெள்ளி, மாலை 6.00

நான் திண்டுக்கல் பக்கம், பதினாறு வயசுல இருந்து பறை அடிக்கறேன். இதையெல்லாம் படிக்கும்போது எனக்குத் தோணுறது என்னன்னா, வட்டமா நின்னு ஒரே அடியில கால் போடறது எங்க ஊர்ல புதுசு இல்லையே. ஒயிலாட்டம், கும்மி, பறையாட்டம் எல்லாமே அதுதான். ஒயில்ல இருபது பேரு கையில துணியோட ஒரே வீச்சுல திரும்பும்போது உள்ள நிக்கறவனுக்கு தான் தனி ஆளுங்கற நினைப்பே போயிடும், அதை அனுபவிச்சவனுக்குத்தான் தெரியும். பட்டாளத்துக்காரங்களுக்கு ஏன் இதையே செய்யக்கூடாது? நான் வந்து அடிக்கறேன், காசு வேணாம்.

நர்த்தனா_மேரிலாந்து
வெள்ளி, இரவு 9.15

அண்ணா, நீங்க சொன்னது அந்த வேலையோட அடித்தளத்தையே தொடுது. சேஸ் வழியில வந்தவங்க நாலு விஷயத்தைச் சொல்லுவாங்க, உடம்போட அசைவு, அந்த அசைவுக்குள்ள இருக்கற குறியீடு, சிகிச்சையாளரும் வந்தவரும் அசைவு மூலமா கட்டிக்கற உறவு, அப்புறம் கூட்டமா ஒரே தாளத்துல இருக்கறது. இந்த நாலாவதைத்தான் நீங்க சொல்றீங்க. பல வருஷமா தனியா இருந்தவருக்கு இன்னொரு உடம்போட ஒரே நேரத்துல மூச்சு விடறதே பெரிய விஷயம்.

ஆனா பறைச் சத்தம் பத்தி யோசிக்கணும் அண்ணா. என் ஒரு தட்டுக்கே ஒருத்தர் நாற்காலியோட விழுந்தாரு. பறையோட முதல் அடி வேட்டு மாதிரி காதுல விழலாம். அவங்க கையிலயே பறையைக் கொடுத்து, விரல் நுனியால அவங்க வேகத்துல, அவங்க வேணுங்கற அளவு சத்தத்துல தட்ட விட்டா அது வேற. சத்தம் யார் கையில இருக்குங்கறதுதான் முக்கியம். பக்கத்துல பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் இருக்கணும். இந்தியாவுல இந்தத் துறைக்கு ஆள் இல்லாம இல்ல, திரிபுரா காஷ்யப் பல வருஷமா செஞ்சுக்கிட்டு இருக்காங்க. கொல்கத்தாவுல சோஹினி சக்ரவர்த்தி 2004ல ஆரம்பிச்ச கொல்கத்தா சன்வேத், கடத்தப்பட்டு மீட்கப்பட்ட பொண்ணுங்களோட இதே வேலையைச் செய்யுது. முன்னாள் ராணுவத்தினருக்கும் இப்படி வரணும்னு எனக்கு ஆசை, யாராவது உங்களை மாதிரி ஒருத்தரோட கை சேர்த்தா நிச்சயம் வரும்.

ஹவில்தார்_வேலூர்
சனி, அதிகாலை 3.50

அஞ்சு நாளா இதைப் படிக்கறேன். தூக்கம் வரலன்னா போனை எடுத்து இதைத்தான் பார்க்கறேன். சரி எழுதிடறேன்.

87ல எனக்கு 24 வயசு. அமைதிப்படையில யாழ்ப்பாணம் போனேன். தமிழ் தெரிஞ்சவன்னு எங்க போனாலும் என்னை முன்னாடி நிறுத்துவாங்க, வீட்டுக் கதவைத் தட்டறது நான், பேசறது நான், உள்ள இருக்கற அம்மா "தம்பி"ன்னு கூப்பிடறது என்னைத்தான். எங்க அம்மா கூப்பிடற மாதிரியே இருக்கும். அந்த வீடுகள்ல பிறகு என்ன நடந்துச்சுன்னு நான் எழுத மாட்டேன். எங்க ஆளுங்க எத்தனையோ பேரு போயிட்டாங்க, என் பக்கத்துல நடந்து வந்தவன் ஒரு பனைமரத்துக்குப் பக்கத்துல போயிட்டான்.

இப்ப எனக்கு 62. ஊருக்குப் போற பஸ் ஒரு இடத்துல பனங்காட்டு ஓரமா போகும், அங்க என் தலை தானா குனியும். நான் குனியணும்னு நினைக்கறது இல்ல. 38 வருஷமா குனியுது. பொண்டாட்டி பார்த்து "கழுத்து வலியா"ன்னு கேட்டா ஆமான்னுடுவேன். கல்யாணத்துக்குப் போனா சுவர் ஓரமா இடம் கிடைச்சாத்தான் சாப்பிடுவேன், இல்லன்னா மொய் எழுதிட்டு வந்துடுவேன். தீபாவளிக்கு நாலு நாள் முன்னாடியே கொல்லிமலை பக்கம் போயிடுவேன், சாமி கும்பிடப் போறேன்னு சொல்லிட்டு.

நீ எழுதின அந்த ஹால்ட் விஷயம் படிச்சப்ப எனக்கு நெஞ்சு அடைச்சுது. எனக்கு யாரும் ஹால்ட் சொல்லலம்மா. கப்பல்ல ஏத்தி இறக்கி விட்டாங்க, லீவு கொடுத்தாங்க, வீட்டுக்கு வந்துட்டேன்.

யாழ்_வாணி
சனி, காலை 10.20

ஐயா, நான் யாழ்ப்பாணம், இப்ப டொராண்டோவில இருக்கிறன். 87ல எனக்குப் பத்து வயசு. நீங்கள் எழுதினதை ரெண்டு தரம் வாசிச்சன், முதல் தரம் வாசிச்சுப்போட்டு போனைக் கவிட்டு வச்சிட்டன்.

எங்கட வீட்டுக் கதவையும் ஒரு தமிழ் ஆமிக்காரர்தான் தட்டினவர். அம்மா அவரையும் தம்பி எண்டுதான் கூப்பிட்டவ. எங்கட வீட்டில நடந்ததை நானும் எழுத மாட்டன். இங்க ஆஸ்பத்திரிக்கு வாற ஹெலிகொப்டர் மேல போகேக்க எனக்கு இப்பவும் ரெண்டு தோளும் காது வரைக்கும் ஏறும், வேலை செய்யிற இடத்தில சனம் பாக்கும். மன்னிப்பு எண்ட கதையை நான் இப்ப கதைக்கேல்லை, அதுக்கு எனக்கு வார்த்தை இல்லை. உங்கட தலை குனியிறதும் என்ர தோள் ஏறுறதும் ஒரே மாசத்தில தொடங்கினது எண்டு மட்டும் சொல்ல வந்தன்.

ஹவில்தார்_வேலூர்
சனி, காலை 11.00

படிச்சேன் தாயி. பதில் எழுதத் தெரியல. படிச்சேன்னு மட்டும் சொல்றேன்.

நர்த்தனா_மேரிலாந்து
சனி, இரவு 8.00

வாணி அக்கா, ஐயா, ரெண்டு பேரும் எழுதினதுக்கு நான் என்ன சொல்லிடப் போறேன். ஆனா ஐயா, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். இவ்வளவு வருஷம் கழிச்சு இதை எழுதின பிறகு அடுத்த சில நாள் கனவு அதிகமா வரலாம், படபடப்பு வரலாம். தனியா இருக்காதீங்க, வீட்டுல யாராவது ஒருத்தர்கிட்ட சொல்லி வைங்க. வேலூர்லயே பாகாயத்துல சி.எம்.சி. மனநல மையம் இருக்கு, ஒரு தடவை போய்ப் பாருங்க. நடன சிகிச்சை உங்களுக்கு அங்க கிடைக்கலன்னாலும் பரவாயில்ல, முதல்ல டாக்டரைப் பார்க்கணும்.

நீங்களா செய்யறதுன்னா, கூட ஒருத்தரோட காலையில நடங்க. பேச வேண்டாம். கொஞ்ச நேரத்துல ரெண்டு பேரு காலும் தானா ஒரே ஸ்டெப்ல வரும், உங்களுக்குத்தான் அது ரத்தத்துல இருக்கே. வந்த பிறகு நீங்களா ஒரு தடவை வேகத்தைக் குறைங்க, அடுத்து அவரு குறைக்கட்டும். நிக்கணும்னு தோணினா நில்லுங்க. தலை சுத்தற மாதிரியோ பழசு வர்ற மாதிரியோ இருந்தா உக்காந்து பாதத்தைத் தரையில அழுத்திக்கோங்க. இது சிகிச்சை கிடையாது ஐயா, நடைதான். ஆனா நடைக்குள்ளயும் நிறைய இருக்கு.

ஹவில்தார்_வேலூர்
மூணு வாரம் கழிச்சு, ஞாயிறு, காலை 9.30

அம்மா நர்த்தனா, சொன்ன மாதிரி செஞ்சேன். எங்க தெருவுலயே ஒருத்தர், கார்கில் சமயத்துல மேல இருந்தவரு, என்னைவிடச் சின்னவரு, யார்கிட்டயும் பேச மாட்டாரு. கோட்டை மைதானத்துக்கு வர்றியான்னேன், வந்தாரு. முதல் நாளே ரெண்டாவது சுத்துல ஸ்டெப் சேர்ந்துடுச்சு. நான் குறைச்சா அவரு குறைக்கறாரு, அவரு நின்னா நான் நிக்கறேன். ஒரு வார்த்தை பேசல, ரெண்டு வாரம் இப்படியே போச்சு.

இந்த வியாழக்கிழமை அவரா நின்னாரு. நின்னு, டீ குடிக்கலாமான்னு கேட்டாரு. எதிர்ல இருக்கற கடையில பெஞ்சுல உக்காந்தோம். டீ பாதி குடிச்ச பிறகுதான் பார்க்கறேன், நான் ரோட்டுக்கு முதுகு காட்டி உக்காந்திருக்கேன். அப்ப பார்த்து ஒரு லாரிக்காரன் ஹாரன் அடிச்சான், எந்திரிச்சு சுவர் பக்கம் மாறி உக்காந்துட்டேன். ஆனா பாதி டீ அங்கதான் குடிச்சேன்.

பொண்டாட்டிகிட்ட கழுத்து வலி இல்லன்னு சொல்லிட்டேன். வர்ற புதன்கிழமை பாகாயம் போறோம், மகன் லீவு போட்டு கூட வர்றான். அங்க போனா எனக்குப் பேச்சு வருமான்னு தெரியல. டாக்டர் தம்பி, பேப்பர்ல எழுதிக்கிட்டுப் போனா கொடுக்கலாமா? என்னென்ன எழுதணும்?

மதுரை_மனநலம்
ஞாயிறு, காலை 10.05

தாராளமா கொடுக்கலாம் ஐயா. நீங்க சனிக்கிழமை விடியக்காலை இங்க எழுதினதையே மகனை விட்டு பிரிண்ட் எடுத்துக்கிட்டுப் போங்க, அது போதும். கூடவே ராத்திரி எத்தனை மணிக்குப் படுக்கறீங்க, எத்தனை மணிக்கு முழிப்பு வருது, கனவு வாரத்துக்கு எத்தனை தடவை, குடிப்பழக்கம் உண்டா, தலையில எப்பவாவது அடிபட்டிருக்கா, இதை எழுதிக்கோங்க. இப்ப சாப்பிடற மாத்திரைச் சீட்டு எல்லாத்தையும் எடுத்துக்கோங்க, சுகர், பிரஷர் மாத்திரை உட்பட. டிஸ்சார்ஜ் புக் இருந்தா அதையும். உள்ள போனதும் கதவு தெரியற மாதிரி நாற்காலி வேணும்னு நீங்களே கேளுங்க, போட்டுத் தருவாங்க.